ஒரு கோடு குறைவாக

பாளையங்கோட்டை,
3-11-2024

அன்பு மகள் வாசுகிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். ஐப்பசி மழை இரண்டு நாளாக விடவில்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ போனில் அழுததாக உன் அப்பா வந்து சொன்னான். உடற்கூறியல் பாடம்கூடப் பிடிபட்டுவிட்டது, சீன எழுத்துதான் பிடிபடவில்லை என்றாயாம். "இத்தனை எழுத்தை யார்தான் உண்டாக்கினார்கள்?" என்றும் கேட்டாயாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நீ சியானுக்குப் போன நாளிலிருந்து அந்த ஊரைப் பற்றியும் அந்த எழுத்தைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். முப்பத்தாறு வருஷம் தாலுகா அலுவலகத்தில் எழுதிப் பிழைத்தவன் நான். ஆணை மேலிருந்து வரும். எழுதுகிற கை கீழே இருக்கும். சீன எழுத்தின் கதையும் அதுதான் என்பது என் முடிவு. பேரரசர்கள் ஆணையிட்டார்கள். எழுத்தர்கள் எழுதினார்கள். நீ இப்போது மனப்பாடம் செய்வது பெரும்பாலும் எழுத்தர்களின் கையெழுத்து.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன் ஷாங் அரசர்கள் ஆமையின் அடி ஓட்டிலும் மாட்டின் தோள் எலும்பிலும் குறி பார்த்தார்கள். மழை வருமா, போருக்குப் போகலாமா, அரசருக்குப் பல் வலிக்கிறதே, எந்த முன்னோர் கோபமாக இருக்கிறார் என்று கேட்டு, கேள்வியை எலும்பிலேயே கத்தியால் கீறி வைத்தார்கள். அந்த எலும்புகளைப் பிற்காலத்தில் 'டிராகன் எலும்பு' என்று மருந்துக்கடைகளில் பொடித்து விற்றார்கள். வாங் யிரோங் என்ற அறிஞர் 1899இல் அவற்றில் எழுத்து இருப்பதை அடையாளம் கண்டார். அதுவரை எத்தனை அரசர்களின் கேள்விகள் கஷாயமாகக் கரைந்து போயினவோ! பிறகு வந்த சௌ வம்சத்தார் வெண்கலப் பாத்திரங்களில் எழுத்து வார்த்தார்கள். அவர்கள் பிடி தளர்ந்ததும் நாடு துண்டு துண்டானது. ஒரே சொல்லை ஒவ்வொரு அரசும் தன் வழியில் எழுதியது.

இனி நீ இருக்கிற ஊருக்கு வருகிறேன். சியானுக்குப் பக்கத்திலிருக்கும் சியான்யாங்தான் சின் வம்சத்தின் தலைநகர். சின் ஷி ஹுவாங் மற்ற ஆறு அரசுகளையும் வென்று கி.மு. 221இல் முதல் பேரரசராக முடிசூடினார். அமைச்சர் லி ஸுவின் யோசனைப்படி, சின் எழுத்தோடு ஒத்துப்போகாதவை எல்லாம் ஒழிக்கப்பட்டன. லி ஸு தாமே மாதிரி எழுத்துப் பட்டியல் ஒன்று தயாரித்தார். வளைவும் நெளிவுமாக, ஒவ்வொரு கோடும் ஒரே தடிமனில் ஓடும் அந்த அழகான எழுத்தைப் பேரரசரின் புகழ் பாடும் கற்களில் வெட்டினார்கள். யிஷான் மலைக் கல்வெட்டின் மறுபிரதி, 993இல் செதுக்கியது, உன் ஊர்க் கற்பலகை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆணை எவ்வளவு தூரம் இறங்கியது தெரியுமா? ஹூனான் மாகாணத்தில் லீயே என்ற சிற்றூரில், 2002இல் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான சின் காலத்து அலுவலக எழுத்துப் பட்டைகளை எடுத்தார்கள். அதில் ஒரு பலகை, இனி எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல் எழுத வேண்டும் என்ற பட்டியல். அரசரின் கட்டளை என்று எழுதக் கூடாது, பேரரசரின் ஆணை என்று எழுத வேண்டும். பன்றிக்குக்கூட வழக்கில் இருந்த பெயரை எழுதாதே, இந்தப் பெயரை எழுது என்று இருக்கிறது. எங்கோ மலைக்கு நடுவே இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில், பழைய சொல்லைப் பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்துத் திருத்திய கை ஒன்று இருந்திருக்கும். 'குற்றம்' என்ற சொல்லையும் பேரரசர் மாற்றினார். அந்த எழுத்து பார்வைக்குப் 'பேரரசர்' என்ற எழுத்தைப் போல் இருந்ததாம். மீன் வலையைக் குறித்த வேறோர் எழுத்தை அந்த இடத்தில் வைத்தார்கள். இன்றும் சீனத்தில் குற்றத்துக்கு அந்த வலைதான்.

இதில் அழிந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. தெற்கே சூ நாட்டுக்காரர்கள் எழுதிய மூங்கில் பட்டைகள் இப்போது கல்லறைகளிலிருந்து கிடைக்கும்போது, அறிஞர்கள் ஒவ்வோர் எழுத்தாக உட்கார்ந்து அவிழ்க்க வேண்டியிருக்கிறது. ஒரு தலைமுறைக்குள் அந்தக் கை நின்றுபோனது. ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத அத்தனை பெரிய தேசத்தில், பிறகு எத்தனை முறை நாடு உடைந்தாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடிந்தது இந்த ஒரே எழுத்தால்தான். லி ஸுவுக்கு அந்தப் பெருமை உண்டு. கி.மு. 213இல் நூல்களை எரிக்கச் சொன்ன பழியும் அவருக்கே உண்டு. கி.மு. 208இல் அவரையே சியான்யாங் சந்தையில் கொன்றார்கள்.

சரி, அந்த அழகான எழுத்து என்ன ஆனது? சின் ஆட்சி பதினைந்து ஆண்டில் முடிந்தது. ஆட்சி நடந்தபோதே அலுவலகத்தில் அந்த எழுத்தை முழுதாக யாரும் எழுதவில்லை. வரிக் கணக்கும் கைதிகளின் பெயர்ப் பட்டியலும் தினமும் குவியும்போது, ஒவ்வொரு வளைவையும் நிதானமாகச் சுழித்துக்கொண்டிருக்க முடியுமா? எழுத்தர்கள் வளைவை உடைத்து நேர்கோடாக்கினார்கள். வட்டமாக இருந்த சூரியன் கட்டமானது. நெளிந்து ஓடிய நீர் இடது ஓரத்தில் மூன்று பொட்டாகச் சுருங்கியது. இதற்கு 'லிஷு' என்று பெயர். குமாஸ்தா எழுத்து என்று சொல்லலாம். சிறையில் இருந்த செங் மியாவ் என்பவர் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு மரபு உண்டு. தனி ஓர் ஆள் செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயிரம் கைகள் அவசரத்தில் செய்த வேலை இது.

அந்தக் கைகளில் ஒன்றின் பெயர் நமக்குத் தெரியும். ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹூடி என்ற இடத்தில் 1975இல் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே 'சி' என்ற பெயருடைய, நாற்பது வயதைக் கடந்த ஒருவர். அந்தப் பெயருக்கு மகிழ்ச்சி என்று பொருள். பத்தொன்பது வயதில் எழுத்தராகி, கடைசிவரை மாவட்ட அலுவலகங்களில் வேலை பார்த்தவர். தலைமாட்டிலும் உடலைச் சுற்றியும் ஆயிரத்துக்கும் அதிகமான மூங்கில் பட்டைகள். களஞ்சியச் சட்டம், வழக்கை எப்படி விசாரித்து எழுத வேண்டும் என்ற மாதிரிகள், நல்ல அலுவலர் எப்படி நடக்க வேண்டும் என்ற அறிவுரை, நாள் பார்க்கும் குறிப்புகள், கூடவே தன் குடும்பத்து நிகழ்வுகளை ஆண்டுவாரியாகக் குறித்த ஒரு வரிசை. எழுத்தெல்லாம் அந்த விரைவுக் கை. முதல் பேரரசருக்கு எட்டாயிரம் களிமண் வீரர்கள் என்று நீ பார்த்துவிட்டு வந்தாயே, அவர் காலத்திலேயே இறந்த இந்த மனிதருக்கு அவருடைய மூங்கில் பட்டைகள்தான் காவல். படித்த அன்று பெரியம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைச் சொன்னேன்.

வாசுகி, உன் பாடத்துக்கு உதவுகிற ஒன்றைச் சொல்கிறேன். கல்லீரல், நுரையீரல், மண்ணீரல், மூளை, குடல் என்று எந்த உறுப்பை எழுதினாலும் இடது பக்கம் நிலா மாதிரி ஒரு குறி வருகிறது அல்லவா? இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் அது கீழே வரும். அது நிலா இல்லை, மாமிசம். பழைய எழுத்தில் நிலாவும் மாமிசத் துண்டும் வேறு வேறு படங்கள். எழுத்தர்களின் வேகத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இதயத்துக்கு மட்டும் அந்தக் குறி தேவைப்படவில்லை. இதயத்தின் படமே அதற்கு எழுத்து. இனி உறுப்பின் பெயரைப் பார்த்ததும் மாமிசத்தைத் தனியே எடுத்துவிடு. மீதியில் பெரும்பாலும் ஒலிக்கான குறிப்பு இருக்கும். பாதிச் சுமை குறையும்.

ஹான் வம்சம் இந்தக் குமாஸ்தா எழுத்தையே தன் எழுத்தாக ஏற்றுக்கொண்டது. எழுத்தர் வேலைக்குத் தேர்வும் வைத்தது. எழுத்தரின் மகன் பதினேழு வயதில் படிக்கத் தொடங்கி, மூன்று வருஷம் கழித்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகளைச் சொல்லவும் எழுதவும் காட்டினால்தான் வேலை என்று கி.மு. 186 வாக்கில் அமலில் இருந்த சட்டம் சொல்கிறது. நீ படுகிற பாடு புதிதல்ல, மகளே. பிழைக்குத் தண்டனையும் இருந்தது. பேரரசர் வூ காலத்தில் ஷி ஜியான் என்ற உயர் அலுவலர் ஒரு மனு அனுப்பினார். மனு திரும்பி வந்தபோது பார்க்கிறார்: 'குதிரை' என்ற எழுத்தில் நான்கு காலும் ஒரு வாலுமாக ஐந்து கோடு வேண்டும், நான்குதான் இருக்கிறது. பேரரசர் பார்த்தால் என் உயிர் போகும் என்று நடுங்கிப்போனாராம். ஆட்சியரின் மேசைக்குப் போன கோப்பில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனது தெரிந்து நான் சாப்பிடாமல் கிடந்த ராத்திரி ஒன்று உண்டு. உன் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மனிதரின் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஹான் காலத்துப் பெரிய மனிதர் சூ ஷென். ஆளாளுக்கு எழுத்துக்குக் கற்பனை விளக்கம் சொல்லித் திரிவதைப் பொறுக்காமல், 9,353 எழுத்துகளை 540 பகுப்பில் அடுக்கி, ஒவ்வொன்றும் எதிலிருந்து வந்தது என்று எழுதினார். நூல் கி.பி. 100இல் முடிந்தது. அரண்மனையில் கொடுக்கப்பட்டதோ 121இல். அப்போது அவர் நோயில் இருந்தார். மகன்தான் எடுத்துப்போய்க் கொடுத்தான். இருபத்தோரு வருஷம் அது வீட்டிலேயே இருந்திருக்கிறது.

பிறகு நடந்தது ஓர் ஊழல் கதை. தேர்வுக்கு உரிய செவ்விலக்கியங்களில் பாடபேதம் அதிகம். தம் கைப்பிரதியில் இருக்கிற பாடமே சரி என்று ஆக்குவதற்காக, அரண்மனை நூலகத்து மூலப்பிரதியையே திருத்தச் சொல்லிச் சிலர் லஞ்சம் கொடுத்தார்கள். இதற்கு ஒரே மருந்து கல்தான் என்று சாய் யோங் என்ற அறிஞரும் மற்றவர்களும் பேரரசரிடம் கேட்டுக்கொண்டு, 175இல் வேலையைத் தொடங்கினார்கள். 183இல் லோயாங் உயர்கல்விக் கூடத்தின் வாசலில் 46 கற்பலகைகள் நின்றன. பார்க்கவும் படி எடுக்கவும் நாளொன்றுக்கு ஆயிரம் வண்டிக்கு மேல் வந்து தெருவே அடைத்துப்போனதாம். லஞ்சத்தால் திருத்த முடியாத ஓர் இடத்தில் எழுத்தை வைத்தது எவ்வளவு நல்ல காரியம்!

நீ எழுதிப் பழகும் இன்றைய எழுத்துவடிவம் அதற்குப் பின் மெல்ல உருவாகி, தாங் காலத்தில் நிலைபெற்றது. தலைநகர் உன் சியான்தான், அப்போது சாங்ஆன். தாங் அரசு அலுவலரைத் தேர்ந்தெடுக்க நான்கு அளவுகோல் வைத்திருந்தது: தோற்றம், பேச்சு, கையெழுத்து, தீர்ப்பு எழுதும் திறன். கையெழுத்து சரியில்லாதவனுக்கு வேலை இல்லை. பேரரசர் தாய்சோங், தமக்கு முந்நூறு ஆண்டு முன் வாழ்ந்த வாங் சீச்சியின் கையெழுத்தில் மயங்கிக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 353இல் வாங் எழுதிய புகழ்பெற்ற முன்னுரைத் தாளைத் தம்மோடு புதைக்கச் சொன்னார் என்பார்கள். யுவான் சுவாங் மொழிபெயர்த்த பௌத்த நூல்களுக்கு இதே தாய்சோங் முன்னுரை எழுதினார். அதை, வாங் சீச்சியின் பழைய தாள்களிலிருந்து எழுத்து எழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்து, 672இல் கல்லில் வெட்டினார்கள். அந்தக் கல்லும் உன் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. யுவான் சுவாங் நம் காஞ்சிபுரம்வரை வந்துபோனவர் என்று பள்ளியில் படித்திருப்பாய்.

ஆணையால் மட்டும் பிறந்த எழுத்துகளும் உண்டு. 690இல் தம் பெயரிலேயே அரியணை ஏறிய ஒரே பெண் பேரரசர் வூ சேதியன், பதினெட்டு எழுத்து அளவுக்குப் புதிதாகப் படைத்தார். தம் பெயருக்குச் சூரியனும் சந்திரனும் வானத்தின் மேல் நிற்கும் ஓர் எழுத்து. 'நாடு' என்பதற்குக் கட்டத்துக்குள் எட்டுத் திசை. எல்லா எழுத்தரும் அவற்றை எழுதினார்கள். 705இல் அவர் பதவி இறங்கியதும் அரசு அவற்றை விட்டுவிட்டது. அந்த 'நாடு' எழுத்து மட்டும் கடல் தாண்டி, ஜப்பானில் தொகுகாவா மித்சுகுனி என்ற பிரபுவின் பெயரில் இன்றும் இருக்கிறது. சியானுக்கு வடமேற்கே வூ சேதியனின் கல்லறையில் நிற்கும் பெரிய கல்லில் அவர் காலத்து எழுத்து ஒன்றுகூட இல்லை. காலியாகவே நட்டார்கள். 1134இல் அந்த வழியாக வந்த ஜின் வம்சத்து இளவரசர் ஒருவர், கித்தான் எழுத்திலும் சீனத்திலும் அதில் ஒரு குறிப்பை வெட்டச் செய்தார். இன்று கித்தான் எழுத்தைப் படிக்க முயல்கிறவர்களுக்கு அது ஒரு திறவுகோல்.

கித்தான், தாங்குட், ஜுர்சென் என்று வடக்கிலிருந்து வந்து ஆண்டவர்கள் ஒவ்வொருவரும் சீன எழுத்தைப் பார்த்துத் தமக்கென எழுத்து செய்துகொண்டார்கள். குப்ளாய் கான் 1269இல் பாக்ஸ்பா என்ற திபெத்தியத் துறவி வகுத்த எழுத்தை எல்லா மொழிக்கும் பொதுவென்று அறிவித்தார். திபெத்திய எழுத்து பிராமி வழி வந்தது. அந்த வகையில் அது நம் தமிழ் எழுத்துக்கு உறவு. அரசாணை இருந்தது, முத்திரை இருந்தது, மக்கள் எடுத்துக்கொள்ளவில்லை. யுவான் வம்சம் 1368இல் போனதும் அதுவும் சீனத்தில் வழக்கொழிந்தது.

மிங் காலத்தில் எனக்கு ஒரே ஒரு கல் போதும். 2012இல் பெரியம்மாவும் நானும் இலங்கை போனபோது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்தோம். யோங்லே பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய கல், 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் கொடுத்த பொன்னும் வெள்ளியும் பட்டும் பட்டியலாக இருக்கிறது. நான்ஜிங்கில் செதுக்கிக் கப்பலேற்றியது என்கிறார்கள். 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகை மூடிக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். பெரியம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

சிங் வம்சத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பேரரசர் காங்சி 1710இல் ஆணையிட்டு 1716இல் முடிந்த அகராதியில் 47,035 எழுத்துகள் 214 குறிகளின் கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன. இன்றும் பல அச்சு அகராதிகளும் கணினியும் சீன எழுத்தை வரிசைப்படுத்த அந்த 214ஐப் பயன்படுத்துகின்றன. ஆளுகிறவரின் இயற்பெயரில் வரும் எழுத்தை எழுதுவது குற்றம் என்ற வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கு மேலானது. சிங் காலத்தில் அது கொலைவாளானது. காங்சியின் பெயரில் ஓர் எழுத்து இருந்ததால் பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாசல் பெயரையே மாற்றினார்கள். ஜியாங்சி மாகாணத்து வாங் சிஹோ என்ற அறிஞர், காங்சி அகராதியில் தேடுவது சிரமமாக இருக்கிறது என்று தாமே ஓர் அகராதி செய்தார். எந்த எழுத்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று மாணவர்களுக்குக் காட்ட, பேரரசர்களின் பெயர்களை முன்னுரைப் பகுதியில் அச்சிட்டார். 1777இல் சியென்லோங் அவரைத் தலை வெட்டிக் கொன்றார். மாகாண ஆளுநரும் தண்டனை பெற்றார். மாணவர்கள் தப்பு செய்யக் கூடாது என்று நினைத்த ஒரு வாத்தியார், அம்மா. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பரீட்சை நெருங்குகிறது என்று தெரியும். அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்காக மறுபடி அந்த அருங்காட்சியகத்துக்குப் போய் வா. 837இல் முடிந்த தாங் காலத்துக் கற்பலகைகள் 114 அங்கே வரிசையாக நிற்கின்றன, இருபுறமும் எழுத்து, மொத்தம் ஆறரை லட்சம். முன்பு நீ அனுப்பிய படத்தில் பின்னால் மங்கலாகத் தெரிந்தவை அவைதான். அதில் 'மின்' என்ற எழுத்தைத் தேடு. மக்கள் என்று பொருள். உன் பையில் இருக்கும் பணத்தாளிலும் அது அச்சாகியிருக்கிறது, ஐந்து கோடு. அந்தக் கல்லில் ஒரு கோடு குறைவாக இருக்கும். தாய்சோங்கின் இயற்பெயர் ஷிமின். அவர் இறந்து 188 ஆண்டு கழித்தும் மக்கள் என்ற எழுத்தை முழுதாக வெட்டத் துணியவில்லை. கண்டுபிடித்ததும் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. பக்கத்திலேயே ஒரு தாளில் நீ உன் கையால் அதை ஐந்து கோட்டோடு எழுதி, அதையும் அனுப்பு.

அன்புடன்,
உன் பெரியப்பா